பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கை மாணவர் புராஜெக்ட் வழியாகக் கற்றுக்கொடுப்பது எப்படி? ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பயோமெடிக்கல் துறையின் இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ‘ஐஓடி மூலம் இயங்கும் ஸ்மார்ட்...’ என்று தொடங்குபவை நிறைய இருக்கும் (ஐஓடி என்றால் இணையத்தோடு இணைந்த கருவிகள்). என்ன கருவி என்பது முதல் நாளே முடிவாகிவிடுகிறது. அது யாருக்கு, எந்த வார்டில், எந்த நேரத்தில் தேவை என்ற கேள்வி கடைசி ரிவியூவில்தான் எழுகிறது. அதற்குள் சர்க்யூட் முடிந்து, ரிப்போர்ட்டும் பைண்டிங்குக்குப் போயிருக்கும்.

அந்த வரிசையைத் திருப்பிப் போட நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவி ஓடுகிறது என்று காட்டினால் மட்டும் போதாது. எங்கே ஓடும், எங்கே ஓடாது என்பதற்கான ஆதாரமும் மாணவரின் கையில் இருக்க வேண்டும். அந்த ஆதாரத்தைச் சேர்க்கக் கற்றவர் எந்தக் கம்பெனிக்கோ மருத்துவமனைக்கோ போனாலும் தேறிவிடுவார்.

இரண்டு செமஸ்டர் ஓடும் ஒரு புராஜெக்டைக் கணக்கில் வைத்து எழுதியிருக்கிறேன். உதாரணமும் நெடுக ஒன்றே: சலைன் பாட்டில் முடியப்போவதை முன்கூட்டியே சொல்லும் கருவி. பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் திரவ அழுத்தம், ஒளி சென்சார், சிக்னல் பிராசஸிங், நோயாளி பாதுகாப்பு, நர்ஸின் வேலைச்சுமை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. செலவும் கைக்கு அடங்கும்.

படி 1: ஆள், இடம், சாமான்

ஒரு அணிக்கு நான்கு பேர் போதும். ஆறு பேர் ஆனால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். நண்பர்களே சேர்ந்து அணி அமைக்க விடாதீர்கள். சால்டரிங் கை வந்தவர், கோடிங் தெரிந்தவர், நன்றாக எழுதுபவர், வெட்கப்படாமல் பேசுபவர் என்று கலந்து நீங்களே பிரித்துவிடுங்கள்.

மருத்துவமனையில் முதலில் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு பேர்: அங்கே வேலை பார்க்கும் பயோமெடிக்கல் இன்ஜினியரும் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டும். டாக்டரின் அனுமதி இருந்தாலும், சூப்பரின்டெண்டென்ட்டின் சம்மதம் இல்லாமல் வார்டுக்குள் உருப்படியாக எதையும் பார்க்க முடியாது. கல்லூரியின் கடிதத்தில் எத்தனை மாணவர்கள், எந்த நாள்கள், எந்த வார்டு, எதைத் தொட மாட்டார்கள் என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும்.

ஆய்வகத்துக்குப் பெரிய பட்டியல் வேண்டாம். ஆர்டுயினோ அல்லது ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள், பிரெட்போர்டு, மல்டிமீட்டர், ஒரு ஆசிலோஸ்கோப், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, காலாவதியான ஐவி செட்டுகள் (சலைன் ஏற்றும் ட்யூப்), இரண்டு ஐவி ஸ்டாண்ட். காலாவதி செட்டுகளை ஆய்வகத்துக்கு மட்டும் என்று எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள்.

படி 2: வார்டில் நின்று பார்ப்பது

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் ஆறு வாரம் ஒதுக்குங்கள். அந்த ஆறு வாரமும் மாணவர் எந்தக் கருவியின் பெயரையும் நோட்டில் எழுதக் கூடாது.

ஒரு நேரத்தில் இருவர் மட்டும் போகட்டும். கட்டிலின் கால்மாட்டில் ஓரமாக நிற்க வேண்டும். போட்டோ கிடையாது, நோயாளியின் பெயர் நோட்டில் கிடையாது, கை கழுவாமல் உள்ளே போகக் கூடாது. காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் எல்லாரும் டாக்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அப்போது உண்மை நிலவரம் தெரியாது. ஷிப்ட் மாறும் நேரத்தையும், முடிந்தால் இரவு எட்டு மணிக்கு மேலும் தேர்ந்தெடுங்கள்.

‘உங்களுக்கு என்ன கருவி வேண்டும்?’ என்று கேட்கக் கூடாது. அதற்கு வரும் பதிலெல்லாம் விளம்பரத்தில் பார்த்த கருவியாகத்தான் இருக்கும். ‘கடைசியாக இப்படி ஆனது எப்போது சிஸ்டர்? அப்போது என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கப் பழக்குங்கள். நோயாளியின் கூட இருக்கும் அம்மாவிடமும் கேட்கட்டும். சலைன் பாட்டிலை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

இதை நம் உதாரணத்தில் பாருங்கள். சலைன் சொட்டைக் கவனிக்கும் டிரிப் மானிட்டர் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் முதல் பக்கத்திலேயே ‘பாட்டில் காலியானால் காற்று ரத்தத்தில் புகுந்து உயிருக்கு ஆபத்து’ என்று எழுதியிருக்கும். வார்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், புவியீர்ப்பில் இறங்கும் டிரிப்பில் அன்றாடம் நடப்பது வேறு. ட்யூபில் உள்ள திரவத்தின் உயரம் குறையக் குறைய அழுத்தம் குறைகிறது. கை நரம்பில் (சிரையில்) அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசம் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 14 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமம். திரவ மட்டம் அந்த உயரத்துக்கு வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். அப்புறம் நோயாளி அசைந்தால் ரத்தம் ட்யூபில் ஏறும், உறையும், நரம்பில் செருகிய மெல்லிய குழாயான கேனுலா அடைத்துக்கொள்ளும். மறுபடி ஊசி குத்த வேண்டும். நரம்பு கிடைக்காத வயதானவருக்கும் குழந்தைக்கும் அது பெரிய வதை. பாட்டிலைக் கையில் தாழ்த்திப் பிடித்தபடி பாத்ரூம் போகும்போதும் இதேதான் நடக்கிறது.

ஆக, உண்மையான தொல்லை அடைத்துப்போகும் கேனுலா. அது தெரிந்ததும் புராஜெக்டின் திசையே மாறிவிடும். பாடப்புத்தகத்தில் படித்த நீரழுத்தச் சமன்பாடும் அந்த மாணவனுக்கு அன்றைக்குத்தான் புரியும்.

படி 3: தேவையை ஒரு வாக்கியமாக எழுதுதல்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பயோடிசைன் பயிற்சியில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. என்ன சிக்கல், யாருக்கு, என்ன பலன் வேண்டும் என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட வேண்டும். கருவியின் பெயர் அதில் வரக் கூடாது.

‘ஐஓடி டிரிப் மானிட்டர் செய்தல்’ என்பது தேவை ஆகாது. இப்படி எழுதலாம்: ‘பொது வார்டில் இரவு ஷிப்டில் சலைன் ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளுக்கு, பாட்டில் முடிந்து கேனுலா அடைத்து மறுபடி ஊசி குத்த வேண்டி வருவதைக் குறைக்க ஒரு வழி.’ இதை எழுதிய பிறகு, ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக் கேளுங்கள். ஏன் பொது வார்டு? ஐசியூவில் திரவத்தை அளந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கிறது, அது தானே அலாரம் அடிக்கும். ஏன் இரவு? பகலில் பார்க்க ஆள் இருக்கிறார்களே. பதில் வார்டு நோட்டிலிருந்து வந்தால் அடுத்த படிக்கு விடுங்கள். கூகுளிலிருந்து வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

படி 4: தேவையை எண்களாக மாற்றுதல்

‘துல்லியமாக இருக்க வேண்டும்’, ‘விலை மலிவாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் எண்ணும், அதை அளக்கும் வழியும் வேண்டும்.

சாதாரண ஐவி செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு. 500 மில்லி பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லியிருந்தால், 10,000 சொட்டு, 240 நிமிடம். நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு, அதாவது 1.4 செகண்டுக்கு ஒன்று. நரம்பு திறந்திருந்தால் போதும் என்று மணிக்கு 20 மில்லி மட்டும் விட்டால், ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் 9 செகண்ட் இடைவெளி. ‘5 செகண்ட் சொட்டு விழவில்லை என்றால் அலாரம்’ என்று கோட் எழுதியவரின் கருவி இந்த நோயாளியின் பக்கத்தில் விடிய விடியக் கத்தும், நர்ஸ் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். இந்தக் கணக்கை நீங்கள் சொல்லாதீர்கள், மாணவர் கரும்பலகையில் போட்டுத் தானாகக் கண்டுபிடிக்கட்டும். கடைசிச் சில இடைவெளிகளின் சராசரியைப் போல மூன்று மடங்கு காத்திருந்து அலாரம் அடிக்கலாம் என்ற யோசனை அவர்களிடமிருந்தே வரும்.

இந்த எண்களின் பட்டியலான விவரக்குறிப்பில் வாழ்க்கை முறையும் சேர வேண்டும். 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் இதற்கு அருமையான பாடம். இறக்குமதியான செயற்கைக் கால்களுக்கு ஷூ வேண்டும். அவற்றோடு குந்தி உட்காரவோ சம்மணம் போடவோ வெறுங்காலில் ஈர வயலில் நடக்கவோ முடியவில்லை. இந்தியக் கிராமத்து மனிதர் ஒரு நாளில் செய்யும் வேலைகளே அந்தக் காலின் விவரக்குறிப்பு ஆயின. டிரிப் கருவிக்கும் அப்படித்தான். கரண்ட் போனால் என்ன, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் என்ன, ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு போனால் என்ன, ஜன்னல் வெயில் நேராக அடித்தால் என்ன? கூடவே ஒரு கண்டிப்பான வரி: கருவியின் எந்தப் பாகமும் மருந்துத் திரவத்தைத் தொடக் கூடாது.

படி 5: மூன்று வழி, மூன்று அட்டை மாதிரி

ஒரே யோசனையோடு வரும் அணியை ஏற்காதீர்கள். குறைந்தது மூன்று வேண்டும், அவற்றில் ஒன்றிலாவது மின்சாரமே இருக்கக் கூடாது. டிரிப் கருவிக்கு எளிதாக மூன்று கிடைக்கும்: சொட்டு விழுவதை இன்ஃப்ராரெட் ஒளியால் எண்ணுவது, பாட்டிலின் எடையை லோட் செல் என்ற எடை சென்சாரில் பார்ப்பது, பாட்டில் இலேசானதும் ஸ்பிரிங் மேலேறி மணியைத் தட்டுவது.

மூன்றையும் அட்டை, ரப்பர் பேண்ட், செலோடேப் வைத்து ஒரே மதியத்தில் செய்யச் சொல்லுங்கள். த்ரீடி பிரிண்டர் பக்கமே இப்போது போக வேண்டாம். பிரிண்ட் எடுத்த மாதிரியை மாற்ற யாருக்கும் மனம் வராது, அட்டையைக் கிழித்துப் போட யாரும் தயங்க மாட்டார்கள். அந்த அட்டைகளை நர்ஸிடம் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்: ‘இதை மாட்ட ரெண்டு கையும் வேணுமே தம்பி, எனக்கு ஒரு கையில ட்ரே இருக்கும்.’ இப்படி ஒரு வாக்கியம் எந்த ஜர்னலிலும் கிடைக்காது.

எடை வழி, பாட்டில் முடியப்போவதைச் சொல்லும், ஆனால் நடுவில் ட்யூப் மடிந்து நின்றால் உடனே தெரியாது. சொட்டு வழி அதைச் சொல்லும். ஸ்பிரிங் வழி மலிவு, பேட்டரி மாற்றுகிற வேலையும் இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

படி 6: கட்டும்போது கற்பிக்க வேண்டியவை

சொட்டு வழியைத் தேர்ந்த அணியை வைத்துச் சொல்கிறேன். முதல் மாதிரி பெரும்பாலும் சொட்டுகளைத் தவறவிடும். மாணவர் சென்சாரைத் திட்டுவார், புதிதாக வாங்கலாமா என்பார். பணம் கொடுக்காதீர்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள். 0.05 மில்லி சொட்டின் விட்டம் சுமார் 4.6 மில்லிமீட்டர். சொட்டு பிரியும் நுனியிலிருந்து 2 சென்டிமீட்டர் கீழே வரும்போது அதன் வேகம் செகண்டுக்குச் சுமார் 0.63 மீட்டர். ஒளிக்கற்றையைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 7 மில்லி செகண்ட். கோடில் ‘டிலே’ (அடுத்த முறை சென்சாரைப் பார்க்கும் முன் காத்திருக்கும் நேரம்) 10 மில்லி செகண்ட் போட்டிருந்தால் சில சொட்டுகள் கண்ணில் படாமலே போய்விடும். சிக்னல் மாறிய கணமே கவனிக்க வைக்கும் இன்டரப்ட் எதற்கு என்று மைக்ரோகன்ட்ரோலர் வகுப்பில் சொன்னது இங்கே உயிர் பெறுகிறது.

அடுத்து வெயில். சூரிய ஒளியில் இன்ஃப்ராரெட் நிறைய இருப்பதால், ஜன்னலோரக் கட்டிலில் சென்சார் குருடாகிவிடும். டிவி ரிமோட்டைப் போல ஒளியை 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுக்கலாம். அல்லது கறுப்பு உறை போடலாம். உறை போட்டால் நர்ஸால் சொட்டைக் கண்ணால் பார்க்க முடியாது, அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுவதை மாணவர் இப்படித்தான் அனுபவித்துக் கற்க முடியும்.

இனி மின் பாதுகாப்பு. இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். டிரிப் கருவி உடம்பைத் தொடாது. ஆனால் பக்கத்து அணி ஈசிஜி செய்துகொண்டிருக்கலாம், நண்பனின் நெஞ்சில் எலெக்ட்ரோடு ஒட்டி, ஈசிஜி சிக்னல் எடுக்கும் ஏடி8232 மாட்யூலை லேப்டாப்பில் செருகி, லேப்டாப் சார்ஜரைச் சுவரில் செருகியிருக்கலாம். அந்தக் காட்சியைப் பார்த்த நொடியில் நிறுத்துங்கள். சார்ஜரின் உள்ளே இன்சுலேஷன் பழுதானால் 230 வோல்ட்டுக்கும் நண்பனின் இதயத்துக்கும் இடையே தடை ஏதும் இல்லை. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஈசி 60601-1 தரத்தில், சாதாரண நிலையில் நோயாளி வழியாகப் போகலாம் என்று அனுமதிக்கும் ஏசி கசிவு மின்னோட்டம், நோயாளியைத் தொடும் பாகங்களில் பி, பிஎஃப் வகைகளுக்கு 100 மைக்ரோஆம்பியர். இதயத்தை நேரடியாகத் தொடும் சிஎஃப் வகைக்கு 10 மைக்ரோஆம்பியர்தான். ஆய்வகச் சுவரில் ஒரே விதியை எழுதி ஒட்டுங்கள்: உடம்பில் எலெக்ட்ரோடு ஒட்டியிருக்கும்போது எதுவும் சுவர் சாக்கெட்டில் இருக்கக் கூடாது, பேட்டரி மட்டும். தரவை ப்ளூடூத்தில் அனுப்பட்டும்.

படி 7: ஆபத்துப் பட்டியல்

மருத்துவக் கருவிகளின் ரிஸ்க் மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14971 என்ற தரம் உண்டு. அதை முழுதாக நடத்த வேண்டியதில்லை. என்னென்ன தவறலாம், தவறினால் யாருக்கு என்ன ஆகும், எவ்வளவு அடிக்கடி நடக்கும், அதைத் தடுக்க என்ன செய்தோம், தடுப்பு வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதித்தோம் என்ற ஐந்து கட்டங்கள் போதும். டிரிப் கருவியில் மோசமான தவறு பொய் அலாரம் என்று தோன்றும். அதைவிட மோசம், பேட்டரி தீர்ந்து சத்தமில்லாமல் கிடக்கும் கருவி. கருவி இருக்கிறது என்று நம்பி அம்மா தூங்கிவிட்டிருப்பார்.

ஒரு வகுப்பு முழுவதையும் தெராக்-25க்கு ஒதுக்குங்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தக் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது, சிலர் இறந்தார்கள். முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு, பாதுகாப்பை மென்பொருளை நம்பி விட்டிருந்தார்கள். ‘கோடிலேயே பார்த்துக்கலாம் சார்’ என்ற வார்த்தையை அந்த வகுப்புக்குப் பிறகு மாணவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார்கள்.

படி 8: சோதனை

மொத்த நேரத்தில் நான்கில் ஒரு பங்காவது இதற்கு வேண்டும். சோதனை முறையையும் தேர்ச்சி எல்லையையும் கருவி தயாராகும் முன்பே மாணவரிடம் எழுதி வாங்கி, நீங்கள் கையெழுத்தும் தேதியும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு எல்லையை நகர்த்தும் ஆசை எல்லாருக்கும் வரும்.

சொட்டு எண்ணிக்கையைச் சரிபார்க்க, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, கருவியின் எண்ணைப் பார்க்காத வேறொருவர் எண்ண வேண்டும். மில்லி கணக்கைச் சரிபார்க்கத் தராசு. 100 சொட்டு சுமார் 5 கிராம்தான். 0.1 கிராம் தராசில் அதுவே 2 சதவீதப் பிழை. ஆகவே 400 சொட்டாவது பிடிக்க வேண்டும். தண்ணீர், சலைன், டெக்ஸ்ட்ரோஸ் மூன்றிலும் செய்யட்டும். பரப்பு இழுவிசையும் அடர்த்தியும் மாறினால் சொட்டின் அளவும் மாறும். மெதுவான ஓட்டம், வேகமான ஓட்டம், சொட்டு விழும் சேம்பர் சாய்ந்த நிலை, வெயில், தள்ளிக்கொண்டு போகும் ஸ்டாண்ட் எல்லாவற்றிலும் அளக்க வேண்டும்.

முடிவைக் காட்டும்போது ‘கோரிலேஷன் 0.99’ என்று ஸ்லைடில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு அளவுகள் கூடவே ஏறி இறங்கினாலே கோரிலேஷன் உயர்ந்துவிடும், ஒன்று எப்போதும் 10 சொட்டு அதிகம் காட்டினாலும்கூட. புள்ளியியலாளர்கள் பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986இல் லான்செட் இதழில் எழுதிய முறைப்படி, இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிராக வரையச் சொல்லுங்கள். எந்த வேகத்தில் கருவி தடுமாறுகிறது என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

யாரிடம் சோதித்தோம் என்பதும் முக்கியம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்த கருவி. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, மறைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவைக் கறுப்பின நோயாளிகளிடம் அது வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதைக் காட்டியது. ஒளி வைத்து உடம்பில் அளக்கும் எந்தப் புராஜெக்டாக இருந்தாலும், வகுப்பில் உள்ள எல்லா நிறத் தோல்களிலும் சோதிக்காமல் முடிவு எழுத விடாதீர்கள். அதற்கும் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் ஒவ்வொருவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் மேல் மாணவர் கருவியைப் பொருத்துவது இந்தப் புராஜெக்டின் எல்லைக்கு வெளியே.

கடைசியாக, நர்ஸ் ஒருவரை ஆய்வகத்துக்கு அழைத்து, ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலில் கருவியை மாட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் பட்டனை முதலில் அழுத்துகிறார் என்று எழுதிக்கொள்வது மட்டும்தான் அவர்கள் வேலை.

படி 9: நோட்டும் மதிப்பெண்ணும்

பக்க எண் போட்ட, பைண்ட் செய்த நோட்டு, பேனா எழுத்து, ஒவ்வொரு பக்கமும் தேதி. தப்பானதை ஒரு கோடு போட்டு அடிக்கலாம், கிழிக்கக் கூடாது. இந்தியாவில் மருத்துவக் கருவி விதிகள் 2017 வந்த பிறகு, கருவிகள் ஏ முதல் டி வரை ஆபத்தின் அளவுப்படி பிரிக்கப்பட்டு ஒழுங்குபடுத்தப்படுகின்றன. உரிமத்துக்குப் போகும்போது கேட்கப்படும் ஆவணங்களின் விதை இந்த நோட்டில் இருக்கிறது.

மதிப்பெண்ணை நான் இப்படிப் பிரிப்பேன்: வார்டு கவனிப்பும் தேவை வாக்கியமும் 20, விவரக்குறிப்பு 15, மாதிரிகள் 20, சோதனை 30, நோட்டு 15. ‘டெமோ ஓடியது’ என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை. கருவி தோற்றது, ஏன் தோற்றது என்று தரவோடு சொல்லும் அணி 85 வாங்கலாம். பளபளப்பான பெட்டியைக் காட்டிவிட்டு ஒரு அட்டவணையும் தராத அணி 50ஐத் தாண்டாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வைவாவில் சர்க்யூட் செய்தவரிடம் வார்டு பற்றியும், வார்டுக்குப் போனவரிடம் சர்க்யூட் பற்றியும் கேளுங்கள். யார் உண்மையில் வேலை செய்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

படி 10: அடுத்த அணிக்குக் கைமாற்றுதல்

ஒரு வருடத்தில் மருத்துவமனைக்குள் போகும் கருவி உருவாகாது. அதை மாணவரிடமும் நிர்வாகத்திடமும் மறைக்க வேண்டாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கும் பம்புகளை வைத்து, மூச்சுவிடச் சிரமப்படும் பச்சிளம் குழந்தைகளுக்கான தொடர்ந்து அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் ஒரு மலிவு பபிள் சிபாப் கருவியின் மாதிரியைச் செய்தார்கள். மலாவி நாட்டின் பிளான்டைர் நகரில் குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் அது சோதிக்கப்பட்டு, 2014இல் முடிவுகள் வெளியாயின. சாதாரண ஆக்சிஜன் சிகிச்சையில் 44 சதவீதக் குழந்தைகள் பிழைத்த இடத்தில், இந்தக் கருவியோடு 71 சதவீதம் பிழைத்தார்கள். ‘பூமானி’ என்ற பெயரில் அது தயாரிப்புக்கும் போனது. மாணவர் மாதிரிக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே பொறியாளர்கள், குழந்தை மருத்துவர்கள், தயாரிப்பு நிறுவனம் என்று பலருடைய சில வருட உழைப்பு இருக்கிறது.

அதனால் உங்கள் துறையில் ஒரு அலமாரியைக் காலி செய்து, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒரு பெட்டி வையுங்கள். கருவி, உதிரி பாகங்கள், கருத்துரைகளோடு கோட், நோட்டு, சோதனைத் தரவு, பாகங்கள் வாங்கிய பில், தேர்ச்சி பெறாத சோதனைகளின் தனிப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கட்டும். ஜூனியர் அணி வந்ததும் முதல் இரண்டு வாரம் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு சோதனையை அதே கருவியில் மறுபடி செய்து, அதே எண் வருகிறதா என்று பார்க்கட்டும். சீனியரின் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள். நோட்டைப் படித்தே கருவியை ஓட்ட முடியவில்லை என்றால், எந்தப் பக்கத்தில் விவரம் விட்டுப்போனது என்று அவர்கள் எழுதித் தரட்டும். அந்தக் குறிப்பை இந்த வருடத்து அணிக்கு நோட்டு எழுதக் கற்றுக்கொடுக்கும்போது பயன்படுத்துங்கள்.